வெட்டிக்கினு கீது

எங்கள் தலைமையாசிரியை அம்மாளை இதில் 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். அச்சில் வருகிற விஷயம், மரியாதை வேண்டியிருக்கிறது. மனசுக்குள் நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் வேறு.

ராயபுரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெண்களுக்கு வட்டிக் கணக்கு வரை தெரிந்தால் போதும், மிச்ச நேரத்தில் தையல் கற்கட்டும் என்பது அங்கே வேதவாக்கு. கணக்கு டீச்சராகச் சேர்ந்த நான் எல்லோரிடமும் மல்லுக்கு நின்று மேல்வகுப்புக்குக் காம்போசிட் கணக்கு வாங்கினேன். அல்ஜீப்ராவும் ஜாமெட்ரியும் ஒழுங்காக வருவது அதில்தான். அது இல்லாமல் எந்தப் பெண்ணும் காலேஜில் கணக்கு எடுக்க முடியாது. கல்வி இலாகா அதையும் சும்மா கொடுத்துவிடவில்லை. ஒரு வருஷம் சோதனை. இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் வந்து பார்த்துத் திருப்தி என்று எழுதினால் வகுப்பு நீடிக்கும், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான்.

கோடை லீவு முழுக்க உட்கார்ந்து வருஷத்துக்கான பாடத் திட்டம் எழுதினேன். கணக்கைவிட மொழிதான் என் தலைவலியாக இருந்தது. பாடப்புத்தகம் அப்போதுதான் தமிழுக்கு வந்திருந்தது, எந்தத் தெருவிலும் நடமாடாத ஒரு தமிழில். எங்கள் பெண்களோ மீனவக் குப்பத்திலிருந்தும், துறைமுகத்துக் கூலி லைன்களிலிருந்தும், தெற்கத்தி மளிகைக்காரர்களின் கடைமாடிகளிலிருந்தும் வருகிறவர்கள். ஒரு தேற்றத்தின் முதல் வரியைப் புரிந்துகொள்வதற்குள் மணி அடித்துவிடும். அதனால் திட்டத்தில் இப்படி எழுதினேன்: அரைப் பரீட்சை வரை நிரூபணத்தை யாரும் எழுத வேண்டாம். படத்தைத் தொட்டுக் காட்டி அவரவர் வீட்டுப் பேச்சில் சொல்ல வேண்டும். பரீட்சைக்குப் பிறகு அதையே புத்தகத் தமிழில் எழுதப் பழக்குவது.

தலைமையாசிரியை அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் குறுக்குக் கோடு இழுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வீட்டுப் பேச்சா? இதுங்க வீட்டுல என்ன பேசுதுங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நானும் இந்தப் பக்கத்துலதான் குடியிருக்கேன்."

"அதான் உங்களுக்கு வித்தியாசம் தெரியல" என்றார்.

அவர் ஊரின் தென்கோடியிலிருந்து டிராமில் வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவைக் கடந்து, அதே மாதிரி திரும்பிப் போகிறவர். சிவப்பு மையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு என் திட்டப்படியே நடத்தினேன். அவர் அடிக்கடி கதவோரம் வந்து நிற்பார். ஒருநாள், படகுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி கரும்பலகையில் இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தைத் தட்டிக் காட்டி, "இதுவும் அதுவும் இங்க வெட்டிக்கினு கீது டீச்சர்" என்றாள். கோடு கோட்டை வெட்டும் என்றுதான் புத்தகமும் சொல்கிறது. அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

"வெட்டிக்கினு கீதா? இது வகுப்பா, கசாப்புக் கடையா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் பாதியில் நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

வருஷக் கடைசியில் வர வேண்டிய இன்ஸ்பெக்டிரஸ், அரைப் பரீட்சைக்கு முன்னாலேயே வருகிறார் என்று ஒரு தகவல் வந்தது. யார் கடுதாசி போட்டுச் சீக்கிரம் வரவழைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மட்டும் என்னிடம் நிரூபணம் கிடையாது.

அந்த வாரம் என் வகுப்பைத் தலைமையாசிரியை தானே எடுத்துக்கொண்டார். என்னைக் கீழ்வகுப்புக்கு வாய்ப்பாடு ஒப்புவிக்க அனுப்பிவிட்டார். மாடியிலிருந்து பெண்கள் ஒரே குரலில் கத்துவது கீழே எனக்குக் கேட்கும். "ஏபிசி என்னும் முக்கோணத்தில் நடுக்குத்துக்கோடுகள் ஒன்றையொன்று..." ஒரு பக்கத்தின் நட்டநடுவில் செங்குத்தாக நிற்கும் கோட்டுக்குப் புத்தகம் வைத்த பெயர் அது. தெருவில் கருவாட்டு வண்டி போகும், துறைமுகத்தில் சங்கு ஊதும், அதற்கெல்லாம் மேலே இந்த ஒப்பாரி. எவளாவது 'கீது' என்று வாயைத் திறந்தால் பள்ளியை விட்டே துரத்திவிடுவேன் என்றும் மிரட்டி வைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டிரஸ் நல்ல மனுஷி. அதை நான் மறுக்கவே மாட்டேன். படகுக்காரர் வீட்டுப் பெண்ணைத்தான் எழுப்பினார். கொஞ்சம் சாய்வாக ஒரு முக்கோணம் வரைந்து, முனைகளுக்குப் பி, க்யூ, ஆர் என்று பெயர் போட்டு, "இதுல மூணு நடுக்குத்துக்கோடும் ஏன் ஒரே புள்ளியில சந்திக்குது? சொல்லும்மா" என்றார்.

"ஏபிசி என்னும் முக்கோணத்தில்..." என்று ஆரம்பித்தாள்.

"இங்கே ஏ எங்கம்மா இருக்கு?"

அவள் படத்தைப் பார்த்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. மறுபடியும் "ஏபிசி என்னும்" என்றாள். நான் சுவரோரம் நின்றிருந்தேன். வாயைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை. மற்றப் பெண்களும் அதே ஏபிசியைத்தான் சொன்னார்கள். ஆபீஸ் ரூமில் காபி குடித்தபடியே, "பாவம், இதுகளுக்கு இது பாரம். இந்த வருஷத்தோட நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டிரஸ் கார் ஏறினார்.

நான் வகுப்புக்குத் திரும்பியபோது அந்தப் பெண் மட்டும் பலகை முன்னால் நின்றிருந்தாள். படம் அழிக்கப்படாமல் இருந்தது. தலைமையாசிரியை என் பின்னாலேயே வந்தார்.

"டீச்சர், இந்தக் கோடும் அந்தக் கோடும் இங்க வெட்டிக்கினு கீது" என்றாள் அவள், சாக்பீஸைப் புள்ளியில் அழுத்தி. "மொதக் கோட்டால, இங்கேந்து பிக்கும் க்யூவுக்கும் ஒரே தொலவு. ரெண்டாவதால, க்யூவுக்கும் ஆருக்கும் ஒரே தொலவு. அப்ப பிக்கும் ஆருக்கும் ஒண்ணுதான? மூணாவது கோடு இங்க வராம வேற எங்க பூடும்?"

ஒரு எழுத்துப் பிசகில்லை.

"இதை ஏன் அவங்க இருக்கும்போது சொல்லல?" என்று கேட்டேன்.

அவள் தலைமையாசிரியையைப் பார்த்தாள். அவர்தான் பதில் சொன்னார். "சொல்லியிருந்தா அந்தம்மா சிரிச்சிருப்பாங்க. பள்ளிக்கூடத்துக்குத்தான் மானக்கேடு."

"சிரிச்சா சிரிக்கட்டுமே, இன்னாவாம்?" என்றாள் பெண். "கணக்கு சரியாத்தான கீது?"

தலைமையாசிரியை டஸ்டரை எடுத்து முக்கோணத்தை அழித்தார்.