செல்வி ஏன் வெயிலில் போகவில்லை

முதலாண்டு விடுமுறைக்குச் சத்தியவேடு போய், அப்பாவோடு நிலத்தில் வேர்க்கடலை பறித்துவிட்டுத் திருப்பதி விடுதிக்குத் திரும்பியிருந்தாள் என் அறைத்தோழி செல்வி. "இன்னாடி, வர வர கறுத்துக்கினே போற?" என்றேன் விளையாட்டாக. அவளும் சிரித்தாள்.

அதன்பின் வெளியே கிளம்பினால் முகத்தில் துப்பட்டா, கையில் முழு உறை. விடுதியில் பாதிப் பேர் அப்படித்தான் போவார்கள் என்பதால் நான் கவனிக்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "வைட்டமின் டி ரொம்பக் கம்மி. இவ்ளோ வெயில் அடிக்கிற ஊர்ல இருந்துக்கினு வெயில்லயே போறது இல்லையாம்மா?" என்றார்.

"கறுத்துடுவேன் மேடம்."

செல்வி என் பக்கம் திரும்பவில்லை. உணவியல் படிப்பவள் நான். அந்த மாதம்தான் வைட்டமின் டி பற்றி வகுப்பில் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, துணி காயப்போடும் மொட்டைமாடியில் சுடிதார்க் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ எதுக்குடி உக்காந்துக்கினு கீற? கறுத்துடுவ, உள்ள போ."

கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அக்கறையாகச் சொன்னாள்.