நான்கு எழுத்தும் பட்டாசுக் குழாயும்

"வேஸ்ட் பேப்பரா? அது காலையிலேயே எம். புதுப்பட்டி லோடுல போயிருச்சே" என்றான் மெஷின்மேன் ராமசாமி. அவன் சாவகாசமாக டீயை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"ஏலே, பாதிரியார் ஆர்டர் வேஸ்ட்டுமா?"

"எல்லாந்தான். பட்டாசுக் குழாய் உருட்டப் பேப்பர் கேட்டாக, அள்ளிக் குடுத்தேன். அதுக்கு ஏன் இம்புட்டுக் கத்துறீக?"

கத்தாமல் என்ன செய்வது? அந்தத் தாள்களில் ஒன்றுகூட வெளியே போகாது என்று பாதிரியாருக்கு வாக்குக் கொடுத்தவன் நான். அன்று மத்தியானம் அவற்றை வாங்கிப்போக அவர் வருகிறார்.

இது அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் நான் ஆர்ட்டிஸ்ட். தீப்பெட்டி லேபிளும் காலண்டர் சாமி படமும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. லித்தோவில் கல்லின்மேல் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வரைய வேண்டும். தாளில் விழும்போது நேராகிவிடும். லட்சுமியின் வலக்கையை இடப்பக்கம் வரைந்து வரைந்து, இலைமுன் உட்கார்ந்தால் எந்தக் கையால் சாப்பிடுவது என்று எனக்கே ஒரு நிமிடம் யோசனை வரும். வீட்டில் சிரிப்பார்கள்.

பாதிரியார் ஒரு வேதக் கல்லூரியில் எபிரேய மொழி கற்பிப்பவர். மாணவர்களுக்காகச் சுவரில் மாட்டும் சார்ட் கேட்டு வந்தார். நடுவில் பழங்கால எழுத்துகள். அடியில், அந்த நாட்டைச் சுற்றி இருந்த ஜனங்கள் கும்பிட்ட தெய்வங்கள்: இடியைக் கையில் ஓங்கிய பாகால், அஸ்தரோத் என்ற அம்மன், மீன் உடம்போடு தாகோன்.

முதல் எழுத்தான ஆலெப்பைக் காட்டி, "இது மாட்டுத் தலை. கொம்பு தெரியுதா? ஆதியிலே மாட்டை வரைஞ்சாங்க. அதுவே தேய்ஞ்சு எழுத்தாயிருச்சு" என்றார். அடுத்தது வீடு, இன்னொன்று தண்ணீர் அலை, இன்னொன்று கண். எனக்கு மெய்சிலிர்த்தது. அத்தனை காலத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் மாட்டைப் பார்த்து வரைந்த கோட்டை, இன்று சிவகாசியில் நான் வரைகிறேன்! அன்று முழுக்க வேறு வேலையில் கை ஓடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக, நான்கு எழுத்து. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

"இது ஆண்டவரோட பேரு. யூதங்க இதை வாயால உச்சரிக்க மாட்டாங்க. இது எழுதின தாள் பழசாப் போனாலும் கிழிக்க மாட்டாங்க, எரிக்க மாட்டாங்க. மண்ணிலே அடக்கம் பண்ணுவாங்க. எனக்கு எபிரேயம் சொல்லிக் குடுத்தவர் ஒரு யூதப் பெரியவர். இந்தப் பேரை அப்படித்தான் வச்சுக்குவேன்னு அவர்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். அச்சிலே ஏத்தவே பயமா இருக்கு. கெட்டுப்போற தாள் எல்லாம் எனக்குத் திரும்ப வரணும்."

"நான் பொறுப்பு ஐயா" என்றேன். பெரிய மனுசன் மாதிரி. மை சரியாகும் வரை முப்பத்தொரு தாள் வீணானது. நானே எண்ணிக் கட்டி ஓரமாக வைத்தேன். ராமசாமியிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. மடத்தனம் என்னுடையதுதான்.

ராமசாமி சொன்னதைக் கேட்டதும் சைக்கிளை எடுத்து மிதித்தேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. உருட்டி ஒட்டியிருந்தால் போச்சு. மருந்து அடைத்து, திரி வைத்து, யாரோ ஒருவன் கொளுத்த, அந்தப் பெயர் தெருவில் சிதறும்.

புதுப்பட்டியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். மூத்தவள் பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள்.

"பதறாதீக அண்ணாச்சி. சாமி படம் போட்ட தாளை நாங்க உருட்ட மாட்டோம். எந்த ஊரு சாமியா இருந்தா என்ன, வெடிக்க விடுவமா? அங்கன பாருங்க."

மாடத்தில், செங்கல் பாரம் வைத்து, அடுக்காக இருந்தன. பாகாலையும் தாகோனையும் பார்த்து ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்! எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணினேன். முப்பது.

"ஒண்ணு காளியம்மா கொண்டு போனா" என்றாள் பேச்சியம்மாள். "அவ பிள்ளைக்கு ரெண்டு வாரமாக் காய்ச்சல். இன்னைக்கு வேலைக்கும் நிக்கல."

பாதிரியார் வரும் நேரமாகிவிட்டதால், முப்பதையும் கட்டிக்கொண்டு அச்சகத்துக்குத் திரும்பி, அவரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் திட்டவில்லை. "அந்த ஒண்ணையும் வாங்கிரணும்" என்றார். இருவரும் பஸ் ஏறினோம்.

காளியம்மாளின் வீடு ஒற்றை அறை. பிள்ளை பாயில் கிடந்தது. சுவரில் கஞ்சிப் பசையால் ஒட்டிய எங்கள் சார்ட். முன்னால் விளக்கு. பாதிரியாரின் தாடை இறுகியது. பாகாலுக்கு விளக்கு ஏற்றியிருக்கிறாள் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"அம்மா, இதிலே யாரைக் கும்பிடுறீங்க?"

"இந்தப் படத்துல இருக்கவுக யாருன்னு எனக்குத் தெரியாதுங்கய்யா" என்றாள் அவள். "மேல எழுதியிருக்குல்ல, அதைத்தான். காயிதத்துக்கு உச்சியில பிள்ளையார் சுழி போடுவாகள்ல? உச்சியில இருக்கது சாமி எழுத்தாத்தான் இருக்கணும். எனக்குப் படிக்கத் தெரியாது. பேரு சொல்லிக் கூப்பிடத் தெரியல. சும்மா அது முன்னால உக்காந்திருக்கேன்."

அப்போதுதான் பார்த்தேன். குங்குமம் பாகாலுக்கு இல்லை, தாகோனுக்கு இல்லை. அந்த நான்கு எழுத்துக்கும் மேலே, தனித்தனியாக நான்கு பொட்டு.

தாளை உரிக்க நீட்டிய கையைப் பாதிரியார் இழுத்துக்கொண்டார். வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பிள்ளையின் பக்கத்தில் முழங்கால் போட்டார். வெகுநேரம் கழித்து எழுந்து, "போகலாம்" என்றார்.

"தாள், ஐயா?"

"அதுக்குச் சேர வேண்டிய மரியாதை இங்கே நடக்குது. நம்மகிட்ட வந்தா மண்ணுக்குள்ளே தானே போகும்?"

முப்பது தாளையும் கல்லூரித் தோட்டத்தில் அடக்கம் செய்தார். கூட நின்றேன்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அந்த எழுத்தை அவர் படித்தார், நான் வரைந்தேன். அதன்முன் போய் உட்கார்ந்தவள் காளியம்மாள். நீங்கள் போடும் கோடு யார் வீட்டுச் சுவருக்குப் போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியாது. கோணாமல் போடுங்கள்.