குழாய் முனையில் சந்தனம்

ஆறு ஊசிகள். மாலையில் வேலை முடிந்ததும் அந்த ஆறையும் ஒரு தகர டப்பாவின் மூடியில் வரிசையாக வைத்து நான் காட்ட வேண்டும். சார்ஜன்ட் அண்ணன் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் ஷெட்டைப் பூட்டுவார்கள். ஒரு நாள் ஐந்துதான் இருந்தது. குவாரி ஆட்கள், அவர், நான் என்று எல்லோரும் தரையைக் கூட்டினோம், துணிச் சுருளை உதறினோம், விமானத்தின் வாலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். கடைசியில் ஊசி என் முந்தானையிலேயே குத்தியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏங்க சார்ஜன்ட்டு, ஒரு ஊசிக்கு இவ்ளோ கூத்தா? கடையில பாக்கெட்டாவே தர்றாங்களே" என்று ஒருவன் சிரித்தான்.

"ஊசி கடையில கெடைக்கும்ப்பா. மேல போற ஆளு கெடைப்பானா?" என்றார் அவர். பறக்கும்போது அசைகிற பாகத்தில் ஒரு ஊசி மாட்டினால் போதும்.

அவர் இண்டூர் பக்கத்துக்காரர். விமானப்படையில் இருபது வருஷத்துக்கு மேல் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். மொரப்பூருக்கும் அரூருக்கும் நடுவில் கல் குவாரி வைத்திருந்த ஒரு முதலாளி, உலகப் போர் காலத்துச் சண்டை விமானம் ஒன்றின் எலும்புக்கூட்டை எங்கிருந்தோ வாங்கி வந்து, அதை மறுபடி பறக்க வைக்க வேண்டும் என்று இவரைப் பிடித்தார். ஒரே ஒரு ஆள் உட்காரலாம். மூக்கில் பெரிய விசிறி, அதற்குப் பின்னால் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின். லாரியில் வந்து இறங்கியபோது கோழிக் கூண்டு மாதிரிதான் இருந்தது. ஓட்டிப் பார்க்க குவாரி மெஷின்களை வைத்தே மேட்டு நிலத்தைச் சமன்செய்து, நீளமாக ஒரு மண் ஓடுதளம் போட்டார்கள்.

நான் மொரப்பூரில் லாரித் தார்ப்பாய் தைப்பவள். பத்தாவது வரை படித்தேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் மிச்சச் சில்லறை கேட்கவே கூச்சம். ஒரு நாள் அவர் கடை வாசலில் நின்று, நான் தைத்துப் போட்டிருந்த தார்ப்பாயின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, இது நீ கையால போட்டதா, மெஷினா?" என்று கேட்டார். கையால்தான் என்றேன். மறுநாள் முதல் ஷெட்டில் இருந்தேன்.

அந்த விமானத்தின் உடம்பெல்லாம் தகடு. ஆனால் வாலில் அசைகிற பாகங்கள் மட்டும் துணி. சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்தி, மெழுகு ஏற்றிய நூலால் ஒவ்வொரு விலா எலும்போடும் சேர்த்துத் தைக்க வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையல் பிரியக் கூடாது. பிறகு அதன் மேல் ஒரு வார்னிஷ் பூசுவார்கள். நகப்பூச்சு மாதிரி வாசனை, தலை சுற்றும். காய்ந்ததும் துணி இறுகி, சுண்டினால் மேளம் போலச் சத்தம் வரும். முதல் தடவை தைத்தது முழுவதையும் அவரே பிரித்துப் போட்டார். "கோவிச்சுக்காத. எனக்கே நாலு தடவை பிரிச்சுப் போட்டிருக்காங்க" என்றார். இரண்டாவது தடவை சுண்டிப் பார்த்துவிட்டு டீ சொன்னார்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. வேலை செய்த கையே அதைச் சரிபார்க்கக் கூடாது. வேறொரு கண் பார்க்க வேண்டும். அவர் இறுக்கிய போல்ட்டைக்கூட ஒரு குவாரி ஆளைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, நோட்டில் கையெழுத்து வாங்குவார். கைநாட்டு வைக்கிறவன் என்றால் கைநாட்டு. மூன்று வருஷம் இப்படியே போனது.

இடது இறக்கையின் அடியில், நுனிக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் குழாய் முன்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். முனையில் தீக்குச்சி நுழையும் அளவு துளை. அதில் எதிர்க்காற்று புகுந்தால்தான் உள்ளே வேகம் காட்டும் ஊசி எழும்பும். குளவி மண் வைத்து அடைத்துவிடும் என்று அதற்கு ஓர் உறை தைக்கச் சொன்னார். சிவப்புத் துணியில், தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி ஒரு முழ நாடா தொங்கவிட்டுத் தைத்தேன். பறக்கும் முன் உறையைக் கழற்றித் துளையை உற்றுப் பார்ப்பது அவர் வேலை.

ஓட்ட வந்த பைலட் ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேச மாட்டார், ஆனால் கேலிக்காரர். என் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "மேல போனப்புறம் பிரிஞ்சா உங்களைத்தான் கூப்பிடுவேன். ஊசியோட வந்துடணும்" என்றார். அன்று முழுவதும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

முதல் தடவை பறக்க இருந்த காலையில், பூஜை இல்லாமல் சக்கரத்தை உருட்ட விட மாட்டோம் என்று குவாரி ஆட்கள் நின்றுவிட்டார்கள். சார்ஜன்ட் அண்ணன் இறங்கி வந்தார். "மூக்குல மூணு பொட்டு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். வேற எங்கயும் கை வைக்காதீங்க." சந்தனம் அரைத்தது நான். கெட்டியாக, வழியாமல் நிற்கும்படி அரைத்திருந்தேன். பூஜை முடிந்தது. வெயில் ஏறினால் காற்றும் ஏறும் என்று முதலாளி அவசரப்படுத்தினார். பைலட் உள்ளே உட்கார்ந்து பட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் இறக்கை மேல் நின்று அவருக்கு உதவிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீ தைச்ச உறை. இன்னைக்கு நீயே கழட்டு."

மூன்று வருஷத்தில் அவர் எனக்குச் செய்த பெரிய மரியாதை அது. குனிந்து உறையை உருவினேன். ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் ஒன்றையும் விட மாட்டோம். உலக்கை, அரிவாள்மனை, கத்தரிக்கோல், மெஷினின் ஊசிக் கம்பி வரைக்கும் பொட்டு வைப்போம். ஒன்றை விட்டுவிட்டால் அதன் மனசு வாடும் என்பார் அம்மா. என் மோதிர விரலில் சந்தனம் மிச்சமிருந்தது. இந்தக் குழாய் மட்டும் உறைக்குள் இருந்ததால் ஒன்றும் பெறாமல் நிற்கிறதே என்று தோன்றியது. முனையில் வைத்தேன். குளவி மண் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். சந்தனமும் மண்தான் என்று தோன்றவில்லை. சிவப்பு நாடாவை உயர்த்திக் காட்டினேன். அவர் கட்டை விரலைத் தூக்கினார். கீழே இறங்கி வந்து பார்க்கவில்லை.

விமானம் ஓடியது. வால் எழும்பியது, என் தையல் காற்றில் நேராக நின்றது. அப்புறம் இன்ஜின் சத்தம் திடீரென்று இறங்கியது. வேகம் காட்டும் ஊசி எழும்பாததைப் பார்த்துப் பைலட் நிறுத்த முயன்றிருக்கிறார். ஓடுதளம் போதவில்லை. கடைசியில் இருந்த வரப்பில் சக்கரம் மாட்டி, மூக்கு குத்தி, அப்படியே கவிழ்ந்தது. பைலட்டைத் தூக்கி ஜீப்பில் போட்டபோது கண் திறந்திருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

கவிழ்ந்து கிடந்ததால் இறக்கையின் அடிப்பக்கம் மேலே வந்திருந்தது. குழாய் எல்லோர் கண்ணுக்கும் நேராக நின்றது. முனையில் மஞ்சளாகச் சந்தனம். சார்ஜன்ட் அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அவர் அதைத் துடைக்கவில்லை. யாரையும் தொட விடவும் இல்லை.

விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள். யார் வைத்தது என்று கேட்டபோது, பூஜையில் பத்துக் கை இருந்தது, தெரியாது என்றார் அண்ணன். 'உறையை எடுத்த பிறகு பார்க்க வேண்டியது நான், பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் ஷெட் பின்னால் அவரிடம் போனேன். "அண்ணா, நான் சொல்லிடறேன்" என்றேன்.

"வேணாம். வச்சது நீ. பாக்காம விட்டது நான். உன்னை எடுக்கச் சொன்னதும் நான். எழுதிக் குடுத்ததுல பொய் ஒண்ணும் இல்ல. வூட்டுக்குப் போ."

போனேன். அவர் பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டேன். என் கூச்சம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம். பேசாதவள் தப்பு செய்ய மாட்டாள் என்று ஊர் நினைக்கும். அந்த நினைப்புக்குப் பின்னால் நான் ஆறு வருஷம் ஒளிந்திருந்தேன். அவரை எந்தப் பட்டறையும் சேர்த்துக்கொள்ளவில்லை. பைபாஸ் ரோட்டில் ஒரு எடைமேடையில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். பஸ் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் எதிர்ப் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

இந்த வருஷம் அவர் போய்விட்டார். மாரடைப்பு. காரியம் முடிந்த மறுநாள் இண்டூருக்குப் போனேன். அவர் மனைவி வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைத் தெரிந்திருந்தது. "தார்ப்பாய்காரம்மாதானே, வாம்மா" என்று தண்ணீர் கொடுத்தார். பிறகு தானாகவே பேசினார்.

"ஒரு உசுரைக் கொன்ன கண்ணுன்னு ஊரு பேசிச்சு. நானும்தான் பேசினேன். ஒரு நாள் சோத்துல கல்லு இருக்குதுன்னார். 'அன்னைக்குப் பாக்காத கண்ணு, இன்னைக்குக் கல்லு மட்டும் தேடுதா'ன்னு கேட்டுட்டேன். எழுந்திரிச்சுப் போயிட்டார். அதுக்கப்புறம் கல்லு கெடந்தாலும் முழுங்கிடுவார்."

தண்ணீர்ச் செம்பு என் கையில் இருந்தது. சொன்னேன். விரல், சந்தனம், நாடா, அவர் என் கையைப் பார்த்தது, எல்லாவற்றையும்.

"நீதான்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சேதான் நான் கேட்டதையெல்லாம் வாங்கிக்கிட்டாரா?"

அவர் செம்பை என் கையிலிருந்து வாங்கி, மிச்சத் தண்ணீரை வாசலில் ஊற்றினார்.

"அவரு இருக்கறப்ப வந்திருந்தா நான் ஒரு வார்த்தை நல்லாப் பேசியிருப்பேன். இப்ப என்கிட்ட மட்டும் சொல்லி எறக்கி வச்சுட்டுப் போயிடலாம்னு பாக்காத. அவரைப் பேசினது நான் ஒருத்தி இல்ல. எல்லார்கிட்டயும் சொல்லு. போ."

நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு இப்போதும் வராது. எழுதத்தான் முடிகிறது. முதலில் பைலட்டின் குடும்பத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. இது இரண்டாவது, எல்லோருக்கும்.