சாயக் குஞ்சு விற்ற மாசானம்

எண்ணூரில் வேலை பார்த்த கம்பெனி ஆளைக் குறைத்தபோது மாசானத்துக்கும் வேலை போயிற்று. திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். திரும்பிப் போக மனமில்லை. சைக்கிளில் கூடையைக் கட்டி, பச்சையும் ரோஸுமாகச் சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகளைத் திருவொற்றியூர்த் தெருக்களில் விற்றார். பிள்ளைகள் குஞ்சை வாங்கிக் கன்னத்தோடு அணைத்துக்கொள்ளும்போது அவருக்கும் பூரிப்பாக இருக்கும்.

அந்த மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டது. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டதென்று தெருவே கொதித்தது. சோதித்தால், தண்ணீரில் குறையில்லை. சுகாதார நிலைய நர்ஸ் மகிமா வீடு வீடாக ஏறி, பிள்ளைகள் எதைத் தின்றார்கள், எதைத் தொட்டு விளையாடினார்கள் என்று விசாரித்தார். நோய் கண்ட வீடுகளிலெல்லாம் சாயக் குஞ்சு கீச்சிட்டது.

நர்ஸ் தேடுகிறார் என்று கேட்டதும் மாசானத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டார். மகிமா விடாமல் தட்டினார். வேறு வழியின்றித் திறந்தபோது, மகிமாவின் கண் நேரே பாயில் சுருண்டு கிடந்த சிறுமி மேல் போயிற்று.

"உன் பொண்ணாண்ணா? இன்னா ஆச்சு?"

"எம்மவ இசக்கி, சிஸ்டர். நேத்துலருந்து வயித்தால போவுது. குஞ்சக் கட்டிப் பிடிச்சிக்கிட்டேதான் தூங்குவா."

மகிமா அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "உடம்புல தண்ணியே இல்லியே! இப்டி வூட்ல வெச்சுகினு கீறியே. தூக்குண்ணா, ஆட்டோ புடிக்கலாம்."

டிரிப்ஸ் ஏறி இசக்கி கண் விழித்தாள். குஞ்சுகளின் எச்சத்திலும் பிள்ளைகளின் மலத்திலும் ஒரே கிருமி என்று பிறகு தெரிந்தது. மாசானம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார்.

"அழுவாதண்ணா. குஞ்சுல கிருமி கீதுன்னு உனுக்கு எப்டி தெரியும்? எங்க குஞ்சு வாங்குற, அத்த காட்டு. மத்த புள்ளைங்களாச்சும் தப்பிக்கும்."

புழல் பக்கம் இருந்த வியாபாரியின் கொட்டகைக்கு மாசானமே மகிமாவைக் கூட்டிப்போனார். சுகாதாரத் துறையினர் வந்து அங்கே விற்பனையை நிறுத்தினார்கள். பிறகு மகிமாவோடு தெருத் தெருவாக நடந்து, குஞ்சைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார். சில தாய்மார்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். மகிமா பக்கத்திலேயே நின்றதால் அவரால் தாங்க முடிந்தது. பிள்ளைகள் எல்லோரும் தேறிவிட்டார்கள்.

இப்போது பலூன் விற்கிறார். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் சொல்வார்: "பிடிச்சிட்டுப் போவ வந்தவங்கன்னுல்லா கதவச் சாத்துனேன். அந்தம்மா மட்டும் தட்டாமப் போயிருந்தா எம்புள்ள எனக்கு ஏது?"