ஞானத்தகப்பன் வந்த மத்தியானம்

முன்னறையில் கதவுச் சங்கிலி கழலும் சத்தம் கேட்டது. அடுப்படியில் சோளமாவைப் பிசைந்துகொண்டிருந்த டோமித்திலா சட்டென்று நிமிர்ந்தாள். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்று ஒன்பது வயது யெசேனியாவுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாளே!

"அம்மா, ஞானத்தகப்பன் வந்திருக்காரு! அவருக்குமா திறக்கக் கூடாது?"

மாவுக் கையோடு ஓடினாள். வாசலில் எஃப்ரைன் நின்றிருந்தான். பழுப்புச் சீருடை, இடுப்பில் துப்பாக்கி. யெசேனியாவின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துக்கொண்டிருந்தான்.

"என்ன கொமாத்ரே, முகத்துல மாவா, இல்ல என்னைப் பார்த்து வெளுத்துட்டீங்களா?"

"மாவுதான், கொம்பாத்ரே. உட்காருங்க. நாற்காலி தாங்குமான்னுதான் தெரியல."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். இருவர் சிரிப்பும் பாதியிலேயே நின்றுபோனது.

குவாத்தமாலா மலையிலிருந்து பதினெட்டு வயதில், உரிய காகிதம் எதுவும் இல்லாமல், அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்கு வந்தவள் டோமித்திலா. மாட்டிறைச்சி ஆலையில் விரல்கள் மடங்காமல் போகும்வரை கத்தி பிடித்தாள். அங்கேதான் தன்னைப்போலவே காகிதமில்லாத எலிஹியோவைக் கண்டாள், மணந்தாள். அதே வரிசையில் நின்ற எஃப்ரைன் இந்த மண்ணில் பிறந்தவன். பிறகு ஷெரிஃப் அலுவலகத்தில் சேர்ந்தான். யெசேனியாவைத் திருமுழுக்குத் தொட்டியருகே ஏந்தி நின்றவன் அவன்தான். அன்றிலிருந்து பெற்றவர்களும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் அழைப்பது கொம்பாத்ரே, கொமாத்ரே என்றுதான். உடன்பிறந்தவர்கள்கூடச் சண்டை போட்டுப் பிரியலாம். இந்த உறவில் பிரிவு கிடையாது. பொய்யும் கிடையாது.

ஆனால் இந்த மாதம் முதல் ஷெரிஃப் ஆட்களும் குடியேற்றப் போலீசான மிக்ராவும் ஒன்றாக வண்டியேறுகிறார்கள். போன வாரம் ஆலை வாசலிலேயே நான்கு பேருக்கு விலங்கு. அதனால்தான் எலிஹியோ மூன்று நாளாக வீட்டுக்கு வராமல், மாதா கோவிலின் நிலவறையில் ஹீட்டரைப் பழுது பார்ப்பதாகச் சொல்லி அங்கேயே தங்கியிருந்தான்.

அவள் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்த எஃப்ரைன், "கொமாத்ரே, இதுல காபி கொஞ்சம் போட்டிருக்கலாமே, வெறும் சர்க்கரையால்ல இருக்கு" என்றான். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "எலிஹியோ எங்க?"

கேட்பது யார்? பிள்ளையை ஏந்திய கையா, சட்டையில் மின்னும் அந்தப் போலீஸ் வில்லையா?

"ஓமஹாவுல. அவங்க அண்ணன் வீட்டுல."

நாக்கு கூசியது. சுவரில் மாட்டியிருந்த கன்னி மரியாளின் படத்தை அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"நல்லது" என்றான் அவன். உடனே எழுந்திருக்க வேண்டியவன் எழவில்லை. "ஒண்ணு ஆயிப்போச்சுன்னா யெசேனியா என் வீட்டுல வளருவா. அது நான் குடுத்த வாக்கு."

அது ஆறுதலா, மிரட்டலா? அவளுக்கு விளங்கவில்லை.

"பிள்ளைக்குத் தகப்பன் உசுரோட இருக்காரு! பதினாறு வருஷமா வரி கட்டுறோம். எந்த வரிசையில நிக்கணும்னு சொல்லுங்க, மழையில நிக்கிறோம், பனியில நிக்கிறோம்!"

"நிக்கிறதுக்கு வரிசையே இல்லையே, கொமாத்ரே. நீ இத்தனை வருஷம் இங்க உழைச்சவன், இந்தா அபராதம், இந்தத் தேதிக்கு வந்து பதிஞ்சுக்கன்னு ஒரு சட்டம் இருந்தா நான் ஏன் இப்படி வந்து உட்காரப்போறேன்? குழந்தைங்க பார்க்கப் பார்க்க விலங்கு மாட்டுற வேலைக்கா நான் சேர்ந்தேன்?"

அவன் கண் கலங்கியிருந்தது. அதைக் கண்டதும் அவளால் தாங்க முடியவில்லை. கொம்பாத்ரேயிடமே பொய் சொல்லிவிட்டாளே!

"மன்னிச்சிருங்க. அவரு ஓமஹா போகல. கோவில்லதான் இருக்காரு, நிலவறையில."

எஃப்ரைன் சட்டென்று எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஐயோ, எதுக்குச் சொன்னீங்க? நான் பாட்டுக்கு ஓமஹான்னு நம்பிட்டுப் போயிருப்பேனே! இப்ப மேலதிகாரி கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

"உங்ககிட்ட பொய் சொல்லக் கூடாதே, கொம்பாத்ரே..."

"இன்னிக்கு ஒரு நாள் பொய்யாவே விட்டிருக்கக் கூடாதா!"

அவள் திகைத்து நின்றாள். உண்மை சொன்னது குற்றமா? யாரைக் காப்பாற்ற நினைத்தாள், யாரைக் காட்டிக் கொடுத்தாள்?

அப்போது அவன் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்தான். மறுமுனையில் மேலதிகாரியின் அதட்டல். எஃப்ரைன் மேசையைப் பிடித்துக்கொண்டான். பிறகு ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். அவளுக்குப் புரிந்தது ஓமஹா என்ற ஒரு சொல் மட்டும்தான்.

"என்னடி சொல்றாரு?" என்று மகளின் காதில் கேட்டாள்.

"அப்பா ஓமஹா போயிட்டாராம், வீட்டுல தேடிப் பார்த்துட்டாராம்." யெசேனியா விழித்தாள். "ஏம்மா, அவரு எங்கேயும் தேடவே இல்லையே?"

டோமித்திலா அவள் வாயைப் பொத்தினாள். மாவுக் கை குழந்தையின் கன்னமெல்லாம் அப்பியது.

எஃப்ரைன் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆசீர்வாதத்துக்காகத் தலை குனிந்து நின்ற குழந்தையையும் கடந்து போனான். கோபமா, வெட்கமா, பயமா? நன்றி சொல்ல வாய் திறந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டுமோ என்று தயங்கினாள்.

"கொம்பாத்ரே..."

அவன் படியிறங்கிப் போனான். கதவு அவன் பின்னால் சாத்திக்கொண்டது.