பத்தாவது ஆள்

சென்ட் தெளித்த கைக்குட்டையால் துடைக்காமல் அவர் எதையும் தொடமாட்டார். நாற்காலியைத் துடைத்தார், நர்ஸ் நீட்டிய பேனாவையும் துடைத்தார்.

கொரோனா நாட்களில், புதுச்சேரியில் ஒரு தடுப்பூசி மையத்தில் அவரைச் சந்தித்தேன். 'ஸ்டாக் இல்லை' பலகையைப் பார்த்துப் பார்த்துப் பலர் வருவதையே விட்டிருந்தார்கள். அன்று ஒரே ஒரு பாட்டில் வந்திருந்தது. வைத்திக்குப்பத்து மீன்காரப் பெண்கள் எட்டுப் பேர், நான் ஒருவன்.

"தொறந்தா பத்து பேருக்குப் போட்டாவணும், இல்லன்னா மிச்சம் வீணாப்பூடும். ஒரு ஆளு கொறையுது, நாளைக்கு வாங்க" என்றார் நர்ஸ்.

அப்போதுதான் அவர் நுழைந்தார்.

"முன்னாடி எங்கனா போட்டிருக்கீங்களா?" என்று நர்ஸ் கேட்டார்.

"இல்லம்மா."

பக்கத்தில் உட்கார்ந்ததும் என் காதருகே சொன்னார்: "பாரிஸ்ல ரெண்டு போட்டாச்சி. இது சும்மா ஒரு தெம்புக்கு."

"அங்க எல்லாருக்கும் கெடைக்குதா?"

"மிச்சமாவுது தம்பி. நாள் தாண்டுனா கொட்டிடுறான்."

எழுந்து நர்ஸிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி ஒன்பது பேர், பாட்டிலைத் திறக்கமாட்டார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

"நீ மவராசன்யா! நீ வரலன்னா இன்னிக்கும் சும்மாதான் போயிருப்போம்" என்று ஒரு மீன்காரம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர் அதை அப்படியே வாங்கிக்கொண்டார். "பாத்தீங்களா, நம்மாலதான் இவங்களுக்குக் கெடச்சிது" என்று என்னிடம் சொல்லி, கதவுப் பிடியைத் துடைத்துத் திறந்து போனார்.

கடைசியாக அவர் சொன்னதில் பொய்யே இல்லை. இன்றுவரை எனக்குக் குமட்டுவது அதுதான்.