பச்சை நூல் சுற்றிய ராடு

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் பட்டினப்பாக்கத்துக்கு வந்து, ஹவுசிங் போர்டு இரண்டாவது மாடியில் தங்கத்தின் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கலாம். அந்த ராடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. தைரியம் இருந்தால் தொட்டும் பார்க்கலாம். நான் தொடவில்லை.

தங்கம் லேசில் பயப்படுகிறவள் அல்ல. குழாயடியில் அவள் குரல் எழுந்தால் நாலு வீடு அடங்கும். உடைந்த தூண்டில் ராடுகளை ஒட்டித் தருவது அவள் தொழில். புருஷன் சங்கரனிடம் கற்றது. லேத் பட்டறையில் இடது கைச் சுண்டுவிரலில் பாதியைப் பறிகொடுத்தபின் இந்த வேலைக்கு வந்தவன் அவன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடையாறு முகத்துவாரத்தில் தூண்டில் போடப் போனவன் திரும்பவில்லை. மூன்றாம் நாள் உடம்புதான் கரைக்கு வந்தது. தனியாகப் போய் வழுக்கி விழுந்துவிட்டான் என்றார்கள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கைகொடுத்தவன் சங்கரனின் கூட்டாளி தணிகாசலம். அந்த ஞாயிறன்று வேளச்சேரியில் அக்கா வீட்டில் இருந்துவிட்டதாகச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். காரியம் முடியும் வரை கூடவே நின்றான். 'அண்ணி' என்றவன் மெல்ல 'தங்கம்' என்றான். கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். ஆறு மாதம் யோசித்து அவளும் தலையாட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில், அம்மன் கோயிலில் தாலி என்று குறித்தார்கள்.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை. நவம்பர் மழை. மத்தியானம் மூன்று பத்து.

கடைக்குப் போய்விட்டு மாடியேறினாள். படியெல்லாம் ஈரக் கால்தடம். அவள் வாசலில் ஒரு ராடு, இரண்டாக உடைந்து, சாத்தி வைக்கப்பட்டிருந்தது. வளையங்களில் பச்சை நூல், ஓரத்தில் ஒரே ஒரு சுற்று மஞ்சள். அவள் கைவேலை. மூன்று வருஷத்துக்கு முன் தணிகாசலத்துக்குச் செய்து கொடுத்தது. சொல்லாமல் வைத்துவிட்டு ஓடியிருக்கிறான், மாப்பிள்ளைக்கு வெட்கம் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டாள்.

ராடு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கைப்பிடியில் பொடிச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. ரீல் துருவேறி இறுகிக் கிடந்தது, அதில் தூண்டில் நரம்பே இல்லை. இப்படியா ஒரு பொருளை வைத்திருப்பது என்று திட்டிக்கொண்டே சுரண்டினாள். குழலுக்குள் கம்பி விட்டுக் குடைந்தாள். கறுப்புச் சேறு வந்தது. ஈரமாக…

உடைந்த இடம்தான் அவளை நிறுத்தியது. கதவிடுக்கில் மாட்டினால் நசுங்கியிருக்கும். மீன் இழுத்து உடைந்தால் நார் நாராகக் கிழிந்திருக்கும். இது பாதி வழவழப்பு, பாதி நார். பாதியைக் கத்தியால் அறுத்திருக்கிறார்கள். மீதி பாரம் தாங்காமல் கிழிந்திருக்கிறது. ராடைப் போய் எவனாவது அறுப்பானா?

உள்ளே ஒரு துண்டுக் குச்சியைச் செருகி, இரண்டு பாதியையும் சேர்த்து, நூல் சுற்றி, மேலே பசை பூசினாள். மணி நாலு ஐந்து. பசை ஒரு பக்கமாக வழியாமல் இருக்க, ராடைக் கையிலேயே வைத்து மெல்ல உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். கீழே வைக்க முடியாது.

நாலு இருபது. கரண்ட் போனது.

ராடின் நுனி தாழ்ந்தது. கொஞ்சம்தான்… மீன் இரையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

டிக்… இறுகிக் கிடந்த ரீல் நகர்ந்தது. டிக்… டிக்…

பிறகு இழுத்தது. மீன் இப்படி இழுக்காது. ஒரு கை பிடித்து, அதற்கு மேல் இன்னொரு கை… ஏறி வருகிற இழுப்பு.

அவள் விடவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒட்டிய இடம் வரை வந்தது… நின்றது.

தரையில் சொட்டு… சொட்டு…

யாரோ மூச்சு வாங்கினார்கள்.

நாலு இருபத்தேழு. கரண்ட் வந்தது.

அறையில் யாரும் இல்லை. இறுகுவதற்கு ராத்திரியாகும் பசை, அதற்குள் கல்லாகியிருந்தது. அதில் நான்கு விரல்கள் பதிந்திருந்தன. சுண்டுவிரல் பாதிதான்.

போனை எடுத்தாள். அந்த நேரத்தில் அவளுக்குக் கூப்பிடத் தோன்றிய ஒரே ஆள் தணிகாசலம்தான்.

"இன்னாங்க, ஒடனே வாங்க. உங்க ராட ஒட்டிக்கினு இருந்தேன்… இங்க இன்னாமோ நடக்குது."

"இன்னா ராடு?"

"நான் பச்ச நூல் சுத்திக் குட்த்தது. வாசல்ல வச்சிட்டுப் போனீங்களே."

எதிர்ப்பக்கம் மழைச் சத்தம். அடுத்து வந்தது அவன் குரல் மாதிரியே இல்லை.

"அது எப்டி அங்க வந்துச்சி? அத நான் அன்னிக்கே ஆத்துல வீசிட்டேனே…"

"என்னிக்கி?"

கட் ஆனது. மணி நாலு முப்பத்தொன்று.

தங்கம் ராடைப் பார்த்தாள். நுனியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஒருவன். கைப்பிடிப் பக்கம் ஒருவன், கையில் கத்தி. காரியத்தன்று அதே கையால்தான் அவள் குடிக்க சோடா உடைத்துக் கொடுத்தான். "பாவி, உன்ன நம்புனேனேடா" என்று அவள் கத்திய கத்தலில்தான் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து நாங்கள் எல்லாரும் ஓடி வந்தோம்.

தாலி கட்டு நடக்கவில்லை. தணிகாசலம் அன்று சாயங்காலமே அறையைப் பூட்டிக்கொண்டு போனவன்தான், போலீஸ் அவனை இன்னும் தேடுகிறது. வீட்டை மாற்றிவிடு என்று தங்கத்திடம் எல்லாரும் சொல்லிப் பார்த்தோம். அவள் கேட்கவில்லை.

கீழ்வீட்டு ஆரோக்கியமேரி ஒரு வாரம் கழித்துத்தான் வாயைத் திறந்தாள். அன்று மூன்று மணிக்கு, தலையோடு காலாக நனைந்த ஒரு ஆள் உடைந்த ராடோடு மாடியேறியதைப் பின்பக்கமாகப் பார்த்திருக்கிறாள். யாரென்று தெரியவில்லை. படியைச் சேறாக்கிவிட்டானே என்று மூன்றரைக்குத் துடைப்பமும் வாளியுமாகப் போயிருக்கிறாள்.

ஏறிப் போன தடம் இருந்தது. இறங்கி வந்த தடம் இல்லை.